அருவியா, காட்சிமுனையா: காலை மலைநடையில் எதை முதலில் பார்ப்பது?

விடியல்நடை

வணக்கம். நாலு பேராக ஒரு மலைப்பாதையில் காலை நடை போகத் திட்டம். போய்வர 11 கி.மீ., அடிவாரத்திலிருந்து மொத்த ஏற்றம் 550 மீட்டர். 3-ஆவது கி.மீ.யில் சின்ன அருவி ஒன்று இருக்கிறது. அதன் கீழே ஓடையைக் கடந்துதான் பாதை மேலே போகிறது, பாலம் கிடையாது. இன்னும் அரை கி.மீ. போனால் பெரிய அருவி. அதற்குப் பாதையை விட்டு 200 மீட்டர் நீளக் கிளைவழியில் செங்குத்தாக இறங்க வேண்டும். 5.5-ஆவது கி.மீ.யில் பாதை ஒரு பாறை விளிம்பில் முடிகிறது, அதுதான் காட்சிமுனை. போன வழியே திரும்ப வேண்டும்.

குழுவில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி, 60 வயதை நெருங்கும் ஒருவர். இருவரும் நன்றாக நடப்பார்கள், ஆனால் ஈரப்பாறையில் பழக்கமில்லை. சூரிய உதயம் 6.15-க்கு.

இருட்டிலேயே கிளம்பி உதயத்தை மேலே பார்ப்பதா, அல்லது வெளிச்சம் வந்தபின் அருவிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே ஏறுவதா என்று முடிவுக்கு வர முடியவில்லை. ஓடையைக் கடப்பதில் என்ன கவனிக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

மேட்டுவழி

முதலில் நேரக் கணக்கைப் போட்டுவிடுங்கள். மற்ற முடிவுகள் அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும்.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கு இன்றும் கைகொடுக்கிறது: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். உங்கள் 5.5 கி.மீ.க்கு 66 நிமிடம், 550 மீட்டருக்கு 55 நிமிடம், ஆக இரண்டு மணி நேரம். இது இடைவிடாமல் நடக்கக்கூடிய திடமான ஆளுக்கான கணக்கு. சிறுமி, பெரியவர், ஓடை கடக்கும் நேரம் எல்லாம் சேர்த்துக் கால்பங்கு கூட்டினால் இரண்டரை மணி.

அப்படியென்றால் உதயத்துக்கு மேலே இருக்க 3.45-க்குக் கிளம்ப வேண்டும், ஓடையை 5 மணிக்குக் கும்மிருட்டில் கடக்க வேண்டும். பழக்கமில்லாத இருவரை வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். ஹெட்லாம்ப் எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் சரி. அதன் ஒளி உங்கள் கண் இருக்கும் இடத்திலிருந்தே புறப்படுவதால் பாறையின் நிழல் உங்களுக்குத் தெரியாது. நிழல் தெரியாவிட்டால் குழியும் மேடும் ஒன்றுபோலத் தட்டையாகத் தெரியும். ஈரக் கல்லுக்கும் பாசி படிந்த கல்லுக்கும் வித்தியாசமே தெரியாது. பனிமூட்டத்தில் இன்னும் மோசம், ஒளி நீர்த்துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வரும். அப்போது விளக்கை நெற்றியிலிருந்து கழற்றி, இடுப்பு உயரத்தில் கையில் பிடித்து, குறைந்த ஒளியில் வைத்தால் தரை தெரியும்.

என் யோசனை இது. 5.50-க்குக் கிளம்புங்கள். வெப்பமண்டலப் பகுதி என்றால் உதயத்துக்கு 20, 25 நிமிடம் முன்பே நடக்கப் போதுமான வெளிச்சம் வந்துவிடும். அட்சரேகை கூடக் கூட அந்த அரைவெளிச்சம் இன்னும் நீளும். அடர்ந்த காட்டுக்குள் மட்டும் இன்னும் கால் மணி நேரம் விளக்கு வேண்டியிருக்கும். ஓடையை ஏழு மணியளவில் நல்ல வெளிச்சத்தில் கடப்பீர்கள். அருவிகளில் நிற்காமல் நேரே ஏறினால் 8.20-க்குக் காட்சிமுனை. அருவிகளைத் திரும்பும்போது பாருங்கள்.

காட்சிமுனையை முன்னால் வைப்பதற்குக் காரணம் காற்றும் மேகமும். மலையில் காலை மூட்டம் இரண்டு வகை. தெளிந்த, காற்றில்லாத இரவில் தரை குளிர்ந்து பள்ளத்தாக்கில் படிவது ஒன்று. மேலிருந்து பார்த்தால் அது வெண்கடல் மாதிரி விரிந்து கிடக்கும். வெயில் ஏற ஏற ஓரங்களிலிருந்து கரைந்துவிடும் என்பதால், அதைப் பார்க்கச் சீக்கிரம் போக வேண்டும். மற்றது, ஈரக்காற்று சரிவில் ஏறிக் குளிர்ந்து உண்டாகும் மேகம். இது அசைந்துகொண்டே இருக்கும், வெயில் ஏறினாலும் கரையாது. உதயத்துக்குச் சில மணி நேரம் கழித்துச் சரிவுகள் சூடாகிக் காற்று மேல்நோக்கி வீசத் தொடங்கினால் இன்னும் அடர்த்தியாகும். எந்த வகையானாலும் மேலே சீக்கிரம் போனவருக்குத்தான் காட்சி. ஒரே விதிவிலக்கு, உங்கள் காட்சிமுனை பள்ளத்தாக்கு மூட்டத்துக்குள்ளேயே மூழ்கியிருக்கும் அளவுக்குத் தாழ்வாக இருந்தால். அன்று மட்டும் ஒன்பது மணிவரை பொறுத்திருப்பது பலன் தரும்.

குளிரை மறக்காதீர்கள். உயரம் 1000 மீட்டர் கூடினால் சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறையும், உங்களுக்கு மூன்றரை பாகை. அது பெரிதில்லை. வியர்வையில் நனைந்த சட்டையோடு விளிம்புக் காற்றில் நிற்பதுதான் நடுங்க வைக்கும். ஆளுக்கொரு காய்ந்த சட்டையும் காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட்டும் பையில் இருக்கட்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் நின்று பார்ப்பதற்கு முன்பே மாற்றிக்கொள்ளுங்கள், முக்கியமாகச் சிறுமிக்கு. சிறிய உடல் வேகமாகக் குளிர்ந்துவிடும்.

ஓடைக்கரை

நேரக் கணக்கு சரியா இருக்கு. நான் தண்ணி பத்தி மட்டும் சொல்றேன். இந்தப் பாதையில உண்மையான ஆபத்து அங்கதான்.

முதல்ல ஓடைக்குத் தண்ணி எங்கேருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கங்க. மேல பனி உருகி வர்ற ஓடைன்னா விடியற்காலையில தண்ணி குறைவா இருக்கும், மதியத்துக்கு மேல ஏறும். காலையில கணுக்கால் அளவுல கடந்தது திரும்பும்போது முழங்காலைத் தாண்டியிருக்கலாம். மழைத்தண்ணி ஓடைக்கு அந்தக் கணக்கு கிடையாது. நீங்க நிக்கிற இடத்துல வானம் வெளுத்திருக்கலாம், ஆனா மேல நீர்ப்பிடிப்புப் பகுதியில மழை கொட்டினா அந்தத் தண்ணி உங்களைத் தேடி வரும். முன்னாடி நாள் ராத்திரி மேல மழையான்னு கேட்டுட்டுக் கிளம்புங்க.

கரையில போய் நின்னதும் உடனே இறங்காதீங்க. ஒரு கல்லை அடையாளம் வச்சுக்கிட்டு, தண்ணி எதுவரைக்கும் நனைக்குதுன்னு அஞ்சு நிமிஷம் பாருங்க. ஏறுதா, இறங்குதா, அப்படியே இருக்கான்னு தெரிஞ்சுடும். தெளிவா இருந்த தண்ணி திடீர்னு கலங்குறது, சருகும் குச்சியும் கூட்டமா மிதந்து வர்றது, மேலேருந்து இரைச்சல் கூடுறது, மண் வாசனை அடிக்கிறது, இதுல ஒண்ணு இருந்தாலும் கரையை விட்டு மேட்டுக்கு ஏறிடுங்க. ஓடையோட சேர்ந்து கீழ்ப்பக்கமா ஓடக் கூடாது, பக்கவாட்டுல மேட்டைப் பார்த்து ஏறணும்.

எங்க கடக்கணும்? பார்வைக்குக் குறுகலான இடம்தான் ஆசை காட்டும். ஆனா அதே தண்ணி குறுகின வழியில போகணும்னா ஆழமாவும் வேகமாவும்தான் போகும். அகலமா, பரந்து, சலசலன்னு ஓடுற இடத்தைத் தேடுங்க. கடக்குற இடத்துக்குக் கீழ்ப்பக்கம் என்ன இருக்குன்னு பார்க்காம கால் வைக்காதீங்க. தவறி விழுந்தா அங்கதான் போய்ச் சேருவீங்க. கீழ அருவி விளிம்போ, பெரிய பாறை இடுக்கோ, விழுந்த மரமோ இருந்தா அந்த இடம் வேண்டாம். அருவி விழுற விளிம்புக்கு மேல கடக்குறது எப்பவுமே கூடாது, தண்ணி கணுக்கால் அளவு இருந்தாலும்.

ஆழத்தைக் கண்ணால அளக்காதீங்க. ஒளி வளையுறதால தண்ணி உண்மை ஆழத்துல முக்கால் பங்குதான் மாதிரி தெரியும், 80 செ.மீ. ஆழம் 60 மாதிரி இருக்கும். குச்சியால குத்திப் பாருங்க. வேகமா ஓடுற தண்ணின்னா குழுவுல குட்டையானவங்க முழங்கால்தான் எல்லை, உங்க கணக்குல சிறுமியோட முழங்கால். தண்ணி வேகம் ரெண்டு மடங்கானா உங்க காலைத் தள்ளுற விசை நாலு மடங்காகும். அதனாலதான் 'நேத்தைவிடக் கொஞ்சம் வேகம், அவ்வளவுதானே' அப்படின்னு நினைக்கிறவங்க ஏமாந்துபோறாங்க.

கடக்குற முறை: ஷூவைக் கழட்டாதீங்க, வெறுங்கால்ல விரல் கல்லுல சிக்கும், பிடிப்பும் இருக்காது. சாக்ஸை மட்டும் கழட்டிப் பையில வச்சுக்கிட்டா அக்கரையில காய்ஞ்ச சாக்ஸ் கிடைக்கும். முதுகுப்பையோட இடுப்புப் பட்டை, நெஞ்சுப் பட்டை ரெண்டையும் அவிழ்த்து விடுங்க. விழுந்தா பையை உதறிட்டு எழுந்திருக்கணும். முகம் தண்ணி வர்ற திசையைப் பார்த்து, குச்சியை முன்னாடி ஊன்றி, பக்கவாட்டுல நண்டு மாதிரி அடி எடுத்து வைங்க. குச்சி, ரெண்டு கால், இந்த மூணுல எப்பவும் ரெண்டு தரையில ஊன்றியிருக்கணும், ஒண்ணுதான் நகரணும். காலைத் தூக்கி வைக்காம, தரையைத் தடவி நகர்த்துங்க. கல் மேல கல்லா தாவிப் போறது வேணாம், அடிபடுறவங்க பெரும்பாலும் அந்தத் தாவல்லதான் அடிபடுறாங்க. சிறுமி நடுவுல, பெரிய ஆள் அவளுக்கு மேல்பக்கம் நின்னு தண்ணி வேகத்தை உடைக்கணும்.

பாறை விஷயம். கறுப்பா, ஈரமா, பளபளன்னு இருக்கிற பாறையில மெல்லிசா ஒரு பாசிப் படலம் இருக்கும். அதுதான் எல்லாத்தையும்விட மோசம், எந்த ஷூவும் நிக்காது. மெத்தை மாதிரி வளர்ந்திருக்கிற பச்சைப் பாசியைவிடக் கண்ணுக்கே தெரியாத இந்தப் படலம்தான் ஆளைச் சாய்க்கும். வெளிறின, சொரசொரப்பான கல்லைத் தேடிக் கால் வைங்க. பட்டை உரிஞ்ச ஈர மரம், பாதைக்குக் குறுக்கே ஓடுற வேர், ரெண்டையும் மிதிக்காம தாண்டுங்க.

பெரிய அருவியில நேரா தண்ணி விழுற இடத்துக்குக் கீழ போகாதீங்க. தண்ணியோட கல்லும் கட்டையும் சேர்ந்தே விழும், மேல ஒரு கல் உருண்டா அந்த இரைச்சல்ல உங்களுக்குக் கேட்காது. மடுவுல வெள்ளையா நுரைச்சிருக்கிற பகுதியில பாதி காத்துதான், அந்தத் தண்ணி உடம்பைத் தாங்காது. நீச்சல் தெரிஞ்சவரும் அங்க முங்குவார். மேல விழுற வேகத்துல சுழல் வேற உள்ளே இழுக்கும். உட்காரணும்னா சாரல் படாத, தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கிற பாறையில உட்காருங்க.

ஒளிநிழல்

மேட்டுவழி சொன்ன வரிசையில் எனக்கு ஒரு மறுப்பு உண்டு. அருவி எந்தத் திசையைப் பார்க்கிறது என்று தெரியாமல் 'திரும்பும்போது பாருங்கள்' என்று முடிவு செய்யக் கூடாது.

அருவிச் சாரலில் வானவில் தெரிய வேண்டுமென்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும், அடிவானத்திலிருந்து 42 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேலே போய்விட்டால் வில் உங்கள் கண்மட்டத்துக்குக் கீழே இறங்கிவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் மணிக்குச் சுமார் 15 பாகை ஏறும். ஆக, உதயத்திலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் அந்த வாய்ப்பு முடிந்தது. 6.15 உதயம் என்றால் ஒன்பது மணி, ஒன்பது கால். தொலைவான அட்சரேகைகளில் இது நீளும், குளிர்காலத்தில் அங்கே சூரியன் நாள் முழுக்க 42-ஐத் தொடாமலும் போகும்.

திசையை வரைபடத்திலேயே பார்த்துவிடலாம். காண்டூர் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) ஓடையைக் கடக்கும் இடத்தில் ஆப்பு வடிவில் வளைந்திருக்கும், ஆப்பின் முனை நீர் வரும் திசையைக் காட்டும். அதற்கு எதிர்த்திசை எதுவோ, அதைத்தான் அருவி பார்க்கிறது. கிழக்கு என்றால் காலை வெயில் நேரே விழும், வானவில்லுக்கு வாய்ப்பு. மேற்கு என்றால் காலை முழுக்க நிழல். வானவில் கிடையாது, ஆனால் நீர் பட்டுத்துணி போல இழையும் படம் எடுக்க அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. முக்காலியில் வைத்து, கால் நொடி முதல் ஒரு நொடி வரை ஷட்டர் வையுங்கள். போலரைசர் (லென்ஸின் முன் மாட்டும், பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி) இருந்தால் ஈரப்பாறையின் பளபளப்பு அடங்கி நிறம் வெளிப்படும். லென்ஸைத் துடைக்கக் காய்ந்த துணி இரண்டு வேண்டும், ஒன்று அருவியருகே சில நிமிடத்தில் நனைந்துவிடும்.

கிழக்கு பார்த்த அருவி என்றால் ஏறும்போதே பாருங்கள் என்பேன்.

விடியல்நடை

மூவருக்கும் மிக்க நன்றி. வரைபடத்தைப் பார்த்தேன், பெரிய அருவி கிழக்கு பார்த்ததுதான். ஆனால் எதிரே ஒரு முகடு இருக்கிறது. ஏழே கால் மணிக்கு அங்கே வெயில் வந்திருக்குமா? ஓடை மழைநீர் ஓடைதான். ஷூ, குச்சி பற்றியும் யாராவது சொல்லுங்கள். இறங்கும்போது பெரியவருக்கு முழங்கால் வலிக்கும்.

மேட்டுவழி

ஒளிநிழல் சொன்னது சரியான திருத்தம். ஆனால் இங்கே அந்த முகடுதான் முடிவு செய்யும். ஏழே காலுக்குச் சூரியன் 15 பாகை உயரத்தில்தான் இருக்கும். முகட்டின் உச்சி அருவியிலிருந்து 400 மீட்டர் தூரத்தில் 110 மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்தாலே அதை மறைத்துவிடும். வரைபடத்தில் தூரத்தையும் உயரத்தையும் அளந்து பாருங்கள், உயரம் தூரத்தில் கால்பங்கைத் தாண்டினால் அந்த நேரத்தில் நிழல்தான்.

அப்படியானால் வரிசையை மாற்ற வேண்டியதில்லை. மேலே நாற்பது நிமிடம் இருந்துவிட்டு 9 மணிக்கு இறங்கினால் 9.40-க்குக் கிளைவழிக்கு வருவீர்கள். சூரியன் அப்போது 42-ஐத் தாண்டியிருக்கும், கீழே மடுவருகே நின்றால் கண்மட்டத்தில் வில் தெரியாது. கிளைவழி தொடங்கும் இடத்திலிருந்து, அதாவது சாரலுக்கு மேலே நின்று, கீழே பாருங்கள். வில் கண்மட்டத்துக்குக் கீழே இருக்கும் நேரத்தில் மேலே நிற்பவருக்குத்தான் அது தெரியும்.

9 மணி என்பதைத் திரும்பும் நேரமாக இப்போதே உறுதி செய்துவிடுங்கள். காட்சிமுனையை எட்டாவிட்டாலும் 9 மணிக்குத் திரும்ப வேண்டும். மலையில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்குமேல் கட்டும், உங்கள் ஓடையோ மழைநீர் ஓடை. மின்னல் தெரிந்து 30 நொடிக்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது. விளிம்பை விட்டு உடனே இறங்குங்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் வரை திறந்த இடத்துக்குத் திரும்ப வேண்டாம்.

காட்சிமுனையில் விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். மேலிருந்து பார்த்தால் கெட்டியாகத் தெரியும் விளிம்பு அடியில் அரித்துக் குடைந்திருக்கலாம். பாறைமேல் சிதறிக் கிடக்கும் பொடிக்கற்களைக் கவனியுங்கள், காய்ந்த பாறையில் வழுக்குவது பெரும்பாலும் அவற்றால்தான். படம் எடுப்பவர் பின்னோக்கி நகரக் கூடாது. எல்லோரும் பையைக் கழற்றி உள்பக்கம் வைத்துவிடுங்கள், பையோடு திரும்பும் ஒருவர் பக்கத்தில் நிற்பவரை இடித்துவிடுவார். அந்த ஆபத்தை யாரும் யோசிப்பதில்லை.

கற்படி

ஷூவும் முழங்காலும்:

ஷூவின் அடிப்பாகத்தில் பற்கள் 4 மி.மீ. அளவாவது மிச்சமிருக்க வேண்டும். ஆனால் பற்கள் சேற்றுக்குத்தான். ஈரப்பாறையில் பிடிப்பது ரப்பரின் மென்மை. நகத்தால் அழுத்திப் பாருங்கள், கொஞ்சம்கூட அமுங்காத ரப்பர் ஈரக்கல்லில் சறுக்கும். நாள்பட்ட ஷூவை ஒருமுறை மடக்கி, அடிப்பாகம் ஒட்டுவிட்டிருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். பல ஆண்டு சும்மா கிடந்த ஷூவில் அடிநுரை பொடிந்து, நடுவழியில் அடிப்பாகமே கழன்று வரும்.

பருத்தி சாக்ஸ் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்தோல் மென்மையாகி உராய்வில் கொப்புளம் போடும். கம்பளி அல்லது செயற்கை இழை சாக்ஸ், கூடவே மாற்று ஒரு ஜோடி. எங்கேயாவது சூடாக உரசுகிறது என்று தோன்றிய அந்த நிமிடமே நின்று டேப் ஒட்ட வேண்டும், அரை மணி கழித்து ஒட்டினால் கொப்புளத்தின்மேல்தான் ஒட்டுவீர்கள். கால்நகங்களை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள். இறங்கத் தொடங்குமுன் லேஸை அவிழ்த்து, கணுக்கால் மடிப்பில் இறுக்கிக் கட்டுங்கள். பாதம் முன்னால் சறுக்கி விரல்கள் முட்டுவது நின்றுவிடும்.

குச்சி ஆளுக்கு ஒன்றாவது வேண்டும், பெரியவருக்கு இரண்டு. சமதளத்தில் பிடித்தால் முழங்கை 90 பாகையில் மடங்கியிருப்பது சரியான நீளம். இறங்கும்போது 5 முதல் 10 செ.மீ. நீட்டிக்கொள்ளுங்கள். பூட்டைப் பூட்டியபின் உடல் எடையை முழுதாகக் கொடுத்துச் சோதியுங்கள், மண்ணும் ஈரமும் புகுந்த திருகுப்பூட்டு சரியாக ஊன்றும் நேரத்தில் உள்வாங்கிவிடும். குச்சியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு கால் வைக்க வேண்டும். கால் வைத்தபின் ஊன்றினால் முழங்காலுக்கு ஒரு பயனும் இல்லை. அடியைக் குறுக்கி, முழங்காலை லேசாக மடக்கியே வைத்து இறங்கச் சொல்லுங்கள். காலை விறைப்பாக நீட்டி இறங்குவதுதான் வலிக்குக் காரணம். கிளைவழி செங்குத்து என்கிறீர்கள், பெரியவர் மேலேயே உட்கார்ந்து பார்ப்பதானால் அதில் குறையொன்றுமில்லை, வில்லும் அங்கிருந்துதான் தெரியுமாம்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் என்று ஆளுக்கு இரண்டரை லிட்டர். அருவித் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்க வேண்டாம், மேலே விலங்குகள் இறங்கும் நீர் அது. கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேலே என்றால் மூன்று நிமிடம் கொதிக்க வைத்த தண்ணீர்தான் பாதுகாப்பு.

விடியல்நடை

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஒரே ஒரு சந்தேகம்: அங்கே செல்பேசி சிக்னல் இல்லை. ஆஃப்லைன் மேப் மட்டும் போதுமா?

ஓடைக்கரை

மேப்பை வீட்டுலயே இறக்கி, ஏரோபிளேன் மோடுல போட்டுட்டுத் திறந்து பாருங்க. திறந்தா சரி. ஆனா அருவிப் பள்ளத்துல ரெண்டு பக்கமும் பாறைச்சுவர் இருக்கும், ஜிபிஎஸ் சிக்னல் சுவர்ல பட்டுத் திரும்பி வர்றதால புள்ளி பல மீட்டர் தள்ளிக் காட்டும். அங்க புள்ளியை நம்பி வழி மாறாதீங்க, கண்ணுக்குத் தெரியிற பாதையை நம்புங்க.

ஆளுக்கொரு விசில் கழுத்துல இருக்கணும், பைக்குள்ள இல்ல. உதவி வேணும்னா ஒரு நிமிஷத்துக்குள்ள ஆறு தடவை ஊதி, ஒரு நிமிஷம் நிறுத்தி, மறுபடி ஆறு. பதில் நிமிஷத்துக்கு மூணு தடவை வரும். அருவி இரைச்சல்ல குரல் கேட்காது, அதனால சிறுமிகிட்ட முன்னாடியே ஊதிக் காட்டிச் சொல்லிக் கொடுத்துடுங்க. வீட்டுல ஒருத்தர்கிட்ட பாதை பேரும், மதியம் ரெண்டு மணிக்குள்ள தகவல் வரலைன்னா யாரைக் கூப்பிடணும்னும் எழுதிக் கொடுத்துட்டுக் கிளம்புங்க.